பிரசவத்துக்கு முன்பே தொடங்கும் மனச்சோர்வு: யாருக்கு ஆபத்து அதிகம்? வேலூர் ஆய்வு காட்டியது என்ன?

"புள்ள பெத்த வீட்டுல அழலாமா?", "நாங்கல்லாம் அஞ்சு பெத்தோம், எங்களுக்கு இதெல்லாம் வந்துச்சா?" பிரசவமான பெண் காரணம் சொல்லத் தெரியாமல் அழும்போது பல வீடுகளில் கேட்கும் வார்த்தைகள் இவை. சொல்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்காது. ஆனால் இதைக் கேட்ட பிறகு அந்தப் பெண் மறுபடி வாய் திறக்கமாட்டார். சிக்கலே அங்குதான்.

உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் 2017-ல் ஒரு கட்டுரை வெளியானது. இந்தியாவில் நடந்த 38 ஆய்வுகளை, மொத்தம் 20,043 தாய்மார்களின் விவரங்களை, அது சேர்த்துப் பார்த்தது. பிரசவத்துக்குப் பிறகு மனச்சோர்வு இருந்தவர்கள் 22 சதவீதம். அதாவது ஐந்தில் ஒருவருக்கும் மேல். தென் மாநிலங்களில் இது 26 சதவீதம், வடக்கே 15 சதவீதம். ஒவ்வொரு ஆய்வும் அளந்த முறை வேறு என்பதால், இதை வைத்து தெற்கு - வடக்கு போட்டி நடத்த வேண்டியதில்லை. ஆனால் 'இதெல்லாம் வெளிநாட்டுக்காரங்களுக்கு வர்ற வியாதி' என்ற பேச்சுக்கு இந்த எண்ணே பதில்.

எல்லா அழுகையும் நோயா?

இல்லை. குழந்தை பிறந்து மூன்று, நான்கு நாட்களில் திடீரென்று அழுகை வருவது, எரிச்சல், படபடப்பு எல்லாம் தாய்மார்களில் பாதிப் பேருக்கு மேல் வரக்கூடியவை. நஞ்சுக்கொடி வெளியேறியதும் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன்கள் சட்டென்று சரிவது இதற்கு ஒரு காரணம். தூங்க முடிந்தால், பக்கத்தில் ஆள் இருந்தால், இரண்டு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும்.

இரண்டு வாரம் தாண்டியும் எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராதது, 'நான் நல்ல அம்மா இல்ல' என்ற எண்ணம் விடாமல் துரத்துவது... இதுதான் மனச்சோர்வு. நம் பேச்சில் 'மன அழுத்தம்' என்ற ஒரே சொல்லை டென்ஷனுக்கும் சொல்கிறோம், இந்த நோய்க்கும் சொல்கிறோம். அதனாலேயே பலர் இதை டென்ஷன் என்று நினைத்துத் தள்ளிவிடுகிறார்கள்.

மூன்றாவது வகை அரிது. ஆயிரத்தில் ஒருவர், இருவருக்கு வரும். இல்லாத குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கைகள், நாள்கணக்கில் தூக்கமே இல்லாமை. 'காத்து கருப்பு அடிச்சிருக்கு' என்று மந்திரிக்க அழைத்துப்போய் நேரத்தை விடக்கூடாது. இது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அவசரநிலை.

வேலூர் கிராமங்களில் என்ன தெரிந்தது?

யாருக்கு ஆபத்து அதிகம் என்பதற்கு ஒரு நல்ல பதில் நம்மூரிலேயே கிடைத்திருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள், கிராமப்புறக் கர்ப்பிணிகள் 359 பேரைக் கடைசி மூன்று மாதத்தில் சந்தித்தார்கள். குழந்தை பிறந்து 6 முதல் 12 வாரத்துக்குள் அவர்களில் 301 பேரை மறுபடி பார்த்துப் பேசினார்கள். 2002-ல் வெளியான அந்த ஆய்வில், பிரசவத்துக்குப் பிறகு புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் மட்டும் 11 சதவீதம். கர்ப்பத்திலேயே பாதிக்கப்பட்டிருந்தவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.

அந்தப் பெண்களிடம் பொதுவாக இருந்தவை என்ன? குறைந்த வருமானம். ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது. கர்ப்பகாலத்தில் நடந்த துயரங்கள். மாமியாரோடும், சொந்தப் பெற்றோரோடும் உறவு சரியில்லாதது. வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாதது. 2017 கட்டுரை இந்தப் பட்டியலில் கணவரின் ஆதரவின்மை, குடும்ப வன்முறை, முன்பே மனநோய் வந்திருப்பது ஆகியவற்றையும் சேர்க்கிறது.

கவனித்துப் பார்த்தால், இவற்றில் பெரும்பாலானவை அந்தப் பெண்ணின் மூளைக்குள் இல்லை, வீட்டுக்குள் இருக்கின்றன. 'மனசைத் தைரியமா வச்சுக்கோ' என்ற அறிவுரை எடுபடாமல் போவது இதனால்தான். இரவு ஒரு முறையாவது குழந்தையை வாங்கிக்கொண்டு 'நீ தூங்கு, நான் பாத்துக்கிறேன்' என்று சொல்லும் ஆள், அந்த அறிவுரையைவிடப் பயனுள்ளவர்.

அம்மா வீட்டுக்குப் போனால் சரியாகிவிடுமா?

வளைகாப்பு முடிந்து தாய்வீடு போவது, பிரசவம் பார்த்து சில மாதம் அங்கேயே இருப்பது நல்ல ஏற்பாடுதான். ஓய்வு கிடைக்கும், பத்தியச் சாப்பாடு கைக்கு வரும். ஆனால் பெற்றோரோடு கசப்பு இருந்தாலும் ஆபத்து கூடுகிறது என்று வேலூர் ஆய்வு சொல்வதை மறந்துவிடக்கூடாது. பிடிக்காத கல்யாணம், காதல் திருமணம், சீர்வரிசைச் சண்டை என்று ஏதோ ஒன்று நடுவில் நின்றால் தாய்வீடும் அந்நிய வீடாகிவிடும். சாதி மாறித் திருமணம் செய்து, இரண்டு வீட்டு வாசலும் அடைபட்ட பெண்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

இன்னொரு விஷயம். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவர் வீட்டுக்குத் திரும்பும்போது அதுவரை உதவிய கைகள் இருக்காது. பிரசவம் முடிந்து ஓராண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் மனச்சோர்வு வரலாம். ஆனால் அதற்குள் 'அதான் நல்லபடியா பொறந்துடுச்சே' என்று எல்லாரும் அவரவர் வேலைக்குப் போயிருப்பார்கள்.

ரத்தம் பார்க்கிறார்கள், மனசு?

தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 99.6 சதவீத பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அப்படியென்றால் கிட்டத்தட்ட ஒவ்வொரு தாயும் ஏதோ ஒரு டாக்டர், நர்ஸ் முன்னால் உட்கார்ந்தே ஆகிறார். எடை, பிரஷர், ஹீமோகுளோபின், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் பார்க்கப்படுகிறது. 'வீட்டுல எப்படி இருக்க? தூங்குறியா?' என்ற கேள்விக்கும் அதே அட்டையில் ஓர் இடம் வேண்டும்.

கேட்பதற்குக் கருவியும் உண்டு. ஸ்காட்லாந்தில் உருவாகி 1987-ல் வெளியான எடின்பரோ அளவுகோலில் மொத்தம் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களில் எப்படி இருந்தீர்கள் என்பதைக் கேட்கும், ஐந்து நிமிடம் போதும். தமிழ் வடிவமும் இருக்கிறது. இது நோயை உறுதி செய்யாது, யாரை மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்று காட்டும். பத்தாவது கேள்வி, தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் வந்ததா என்பது. மற்ற ஒன்பதுக்கும் என்ன பதில் வந்தாலும், இதற்கு மட்டும் 'ஆமாம்' என்றால் அன்றே கவனிக்க வேண்டும்.

இது வெறும் எச்சரிக்கைப் பேச்சு இல்லை. கர்ப்பத்திலும் பிரசவத்துக்குப் பின்னும் நேரும் தற்கொலைகளைப் பேறுகால மரணமாகவே கணக்கிட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2012-லேயே வகைப்படுத்திவிட்டது. ரத்தப்போக்கால் இறந்தால் மருத்துவத் தோல்வி, இப்படி இறந்தால் 'குடும்பப் பிரச்னை' என்று பிரித்து எழுதினால், தடுத்திருக்கக்கூடிய மரணம் கணக்கிலேயே வராது.

மாத்திரை சாப்பிட்டால் தாய்ப்பால் கொடுக்கலாமா?

மிதமான மனச்சோர்வுக்குப் பல நேரங்களில் ஆலோசனை சிகிச்சையே போதும். தீவிரமாக இருந்தால் மருந்து தேவைப்படும். செர்ட்ராலின் போன்ற மருந்துகள் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கும் என்பதால், டாக்டர் ஆலோசனையோடு பால் கொடுத்தபடியே சாப்பிட முடியும். ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பம் என்று தெரிந்ததும் பயந்து தாங்களாகவே நிறுத்துவது ஆபத்து. வால்புரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதும் உண்மை. அதனால் குழந்தைக்குத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. சோர்வுக்குத் தைராய்டு, ரத்தசோகையும் காரணமாக இருக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள்.

'ஆஸ்பத்திரியில சேர்த்தா குழந்தையைப் பிரிச்சிடுவாங்க' என்ற பயம் பல தாய்மார்களைத் தடுக்கிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு, சிகிச்சையில் இருக்கும் தாயிடமிருந்து மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகப் பிரிக்கக்கூடாது என்கிறது. குழந்தைக்கு ஆபத்து என்று மருத்துவர் கருதினால் மட்டுமே தற்காலிகமாகப் பிரிக்கலாம். பெங்களூரு நிம்ஹான்ஸில் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதிக்கும் தனி வார்டு உள்ளது.

உடனே பேச வேண்டுமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104. டெலி மானஸில் தமிழிலும் பேசலாம், கட்டணம் இல்லை. அந்தப் பெண்தான் அழைக்க வேண்டும் என்றும் இல்லை. கணவரோ, அம்மாவோ, மாமியாரோ அழைத்து என்ன செய்யலாம் என்று கேட்கலாம்.