பள்ளத்தாக்கின் கேள்விகளுக்கு ஒரு மணி நேரம்

விடியுமுன்னரே கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் தேவாரத்திலிருந்தும் கூலிப் பெண்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளில் ஏலத்தோட்டங்களை நோக்கி ஏறுகிற ஜீப்புகளிலும், ராயப்பன்பட்டி, சுருளிப்பட்டி திராட்சைப் பந்தல்களின் கீழ் அண்ணாந்து நின்று வேலை செய்கிறவர்களின் நடுவிலும், ஊர்தோறும் தேநீர்க் கடைகளிலும் ஒரே குரல் கேட்கிறதென்றால், அது பெரும்பாலும் 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கும் கொடைக்கானல் பண்பலையின் குரலாகத்தான் இருக்கும். இரண்டு கைகளுக்கும் ஓய்வில்லாத ஜனங்களுக்குப் பத்திரிகையை விரித்துப் படிக்க அவகாசம் ஏது? அவர்களுக்கு வானொலியே பத்திரிகை. தொலைபேசியில் அழைத்து, ஊரையும் பெயரையும் சொல்லி, உற்றார் உறவினருக்கெல்லாம் ஒரு பாட்டைக் காணிக்கையாக்குவதில் நம்மவர்களுக்குள்ள உற்சாகத்தை நான் குறை சொல்லவில்லை. அவ்வளவு கூச்சமின்றிப் பேசத் தெரிந்த ஜனங்களின் கூலியையும் குடிநீரையும் பற்றிய பேச்சுக்குக் கிடைக்கிற இடம், பாட்டுக்குக் கிடைக்கிற இடத்தில் சிறு பங்குகூட இல்லையே என்பதுதான் என் வருத்தம்.

வானலைகள் பொதுஜனங்களின் சொத்து என்று 1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் தனியார் பண்பலைகளும் சமுதாய வானொலிகளும் அகில இந்திய வானொலியின் செய்தியை அப்படியே அஞ்சல் செய்யலாமே தவிர, சொந்தமாகச் செய்தியோ நடப்பு விவகார விவாதமோ ஒலிபரப்பக் கூடாது என்ற விதி இன்னும் நீங்கினபாடில்லை. மின்சாரம், குடிநீர், போக்குவரத்து, வானிலை பற்றிய தகவலைச் செய்தியாகக் கருத வேண்டியதில்லை என்று 2011-ஆம் ஆண்டுப் பண்பலைக் கொள்கை பெரிய மனது பண்ணியிருக்கிறது. ஆகவே நாளைக்குத் தண்ணீர் வராது என்று அறிவிக்கத் தடையில்லை. ஏன் வராது, யார் பொறுப்பு என்று வாதித்தால் அது விவகாரமாகிவிடும்! தனியார் பண்பலைகளுக்கு மணிக்குப் பத்து நிமிஷம் செய்திக்கும் நடப்பு விவகாரத்துக்கும் அனுமதிக்கலாம் என்று 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் செய்த சிபாரிசு அற்பம்தான். அந்த அற்பத்தையாவது சர்க்கார் உடனே ஏற்க வேண்டும்.

கேட்கிறவனையும் பேச வைக்கும் வானொலி நம் தேசத்துக்குப் புதிதன்று. 1956-இல் அன்றைய பம்பாய் ராஜ்யத்தில், பூனா நிலையத்தின் துணையோடு, ஐந்து ஜில்லாக்களைச் சேர்ந்த 150 கிராமங்களில் குடியானவர்கள் கூட்டாக அமர்ந்து ஒலிபரப்பைக் கேட்டு, தம்முள் விவாதித்து, சந்தேகங்களை நிலையத்துக்கு எழுதியனுப்பினார்கள். அறுபதுகளில் திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பு தஞ்சை வயல்களில் ஆடுதுறை 27 ரகத்தைப் பரப்பிய வேகத்தைக் கண்ட ஜனங்கள் அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் சூட்டிவிட்டார்கள்.

இத்தகைய சம்பாஷணை இல்லாததன் விளைவைத் தேனி ஜில்லாவின் பொட்டிப்புரத்தில் கண்டோம். அம்பரப்பர் மலையைக் குடைந்து, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கத்தின் முடிவில் 50,000 டன் எடையுள்ள காந்தமேற்றிய இரும்புக் கருவியை நிறுவி, வளிமண்டலத்தில் பிறந்து பாறையையும் ஊடுருவி வரும் நியூட்ரினோக்களை ஆராய்வதற்கான திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய மந்திரிசபை அனுமதி வழங்கிய பின்னர், மலையில் வெடி வைத்தால் ஊற்றுகள் என்னவாகும், ஆடு மாடு எங்கே மேயும், உள்ளே கதிரியக்கக் கழிவைக் கொண்டுவந்து கொட்டிவிடுவார்களோ என்றெல்லாம் கிராமத்தார் கேட்ட கேள்விகள் ஒரே கூடையில் போடத்தக்கவை அல்ல. கழிவைப் பற்றிய அச்சத்துக்கு அத்திட்டத்தில் ஆதாரமில்லை. மேய்ச்சலையும் தண்ணீரையும் பற்றிய கேள்விகளோ நியாயமானவை. விஞ்ஞானிகளில் பலர் எல்லாவற்றையும் அறியாமை என்று தள்ளினார்கள். எதிர்த்தவர்களில் பலர் எல்லாவற்றையும் சத்தியம் என்று மேடையில் முழங்கினார்கள். வாரந்தோறும் ஒரு மணி நேரம், ஆடு மேய்ப்பவரும் பௌதிகப் பேராசிரியரும் ஒரே ஒலிவாங்கியின் முன் நல்ல தமிழில் பேசியிருந்தால் திட்டம் நிறைவேறியிருக்கும் என்று சொல்ல நான் துணியவில்லை. நிராகரிக்கப்பட்டிருந்தாலும் சரியான காரணத்துக்காக நிராகரிக்கப்பட்டிருக்கும்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தால் எல்லைச் சாலைகள் அடைபட்டு, ஏலத்தோட்டக் கூலிகள் காட்டு வழியே இறங்கி வந்த நாட்களிலும் கம்பம் பள்ளத்தாக்கை ஆட்டிவைத்தது அணையின் நீர்மட்டம் மட்டுமன்று, வாய்க்கு வாய் பெருகிய சேதியுந்தான்.

விவாதத்துக்கு இடங்கொடுத்தால் சாதியும் கட்சியும் அதில் புகுந்துகொள்ளும் என்று சிலர் ஆட்சேபிப்பார்கள். 1989-இல் போடியில் மூண்ட சாதிக் கலவரத்தை அறிந்தவர்களும், 1994-இல் ருவாண்டாவில் ஒரு வானொலி படுகொலைக்குத் தூபமிட்ட கதையை வாசித்தவர்களும் அஞ்சுவது இயல்பே. ஆனால் உரிமம் பெற்ற நிலையத்துக்கு முகவரி உண்டு; சமுதாய வானொலி தன் ஒலிப்பதிவுகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டுமென்ற விதியும் உண்டு. நள்ளிரவில் வாட்ஸ்அப்பில் கைமாறுகிற அநாமதேயக் குரலுக்கு இவற்றில் எது உண்டு? அதை அனுமதித்துவிட்டு, பொறுப்பான குரலை மட்டும் பூட்டி வைப்பது என்ன நீதியோ எனக்கு விளங்கவில்லை. தொலைக்காட்சியில் நால்வர் ஒரே சமயத்தில் கூச்சலிடுவதைப் போன்ற விவாதத்தை நான் கேட்கவில்லை. ஒருவர் கேட்க, பதில் சொல்ல அதிகாரமுள்ள ஒருவர் பொறுமையாகப் பதிலளிக்கிற நிகழ்ச்சியையே கேட்கிறேன்.

விதி மாறும்வரை காத்திருக்க வேண்டுவதுமில்லை. அந்தத் தடை அகில இந்திய வானொலிக்குப் பொருந்தாது; அதைச் சேர்ந்த கொடைக்கானல் நிலையம் மனம் வைத்தால் போதும். திங்கட்கிழமைதோறும் தேனி கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர்க்கும் கூட்டத்தில் குவிகிற மனுக்களில், மனுதாரரின் சம்மதத்தோடு சிலவற்றை எடுத்து, சம்பந்தப்பட்ட அதிகாரியை அடுத்த திங்களன்று வானொலியில் பதில் சொல்ல வைக்கலாம். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீரை ஜூன் 1-இல் திறப்பது வழக்கமாதலால், மே கடைசி வாரத்திலேயே முதல் நிகழ்ச்சியை வைத்துக்கொள்வது உசிதம். அணையில் இருக்கிற நீர் எத்தனை நாளைக்கு வரும், நாற்றங்காலை எப்போது தொடங்கலாம், கடைமடைக்கு எந்தத் தேதியில் தண்ணீர் எட்டும் என்பதை நீர்வளத் துறை இன்ஜினீயர் தம் வாயாலேயே சொல்லட்டும்.