செத்த காலமும் கியூபப் புரட்சியும்

"செழிப்பாக இருந்த கியூபாவை நாலு தாடிக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள்" என்று முதலாளிகளின் எழுத்தாளர்கள் இன்றும் ஓதுகிறார்கள். சராசரி வருமானத்தைப் பாருங்கள், ஹவானா நகரத்து மோட்டார் கார்களைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம், தோழர்களே! ஆனால் ஹவானா ஓட்டல் மாடியில் நின்றல்ல. கரும்புக் காட்டில் நின்று பார்ப்போம்.

அங்கே வருஷத்தில் சுமார் நாலு மாதந்தான் கரும்பு வெட்டும், ஆலை அரவையும். மீதி மாதங்களுக்கு அந்நாட்டு உழைப்பாளிகள் வைத்த பெயர் 'செத்த காலம்'. வேலையில்லை, கூலியில்லை; கடைக்காரனிடம் கடன். கம்பெனி நிலமோ ஏராளமாகத் தரிசு கிடந்தது. 1946 கணக்கெடுப்புப்படி, நூற்றுக்கு 8 பண்ணைகளிடம் நிலத்தில் 70 சதவீதத்துக்கு மேல் சிக்கியிருந்தது. 1957-ல் கத்தோலிக்க மாணவர் அமைப்பொன்று (இவர்களைக் கம்யூனிஸ்டுகள் என்று எவனும் சொல்ல முடியாது!) கிராமத்துக் கூலிக் குடும்பங்களை விசாரித்தது. இறைச்சியை வழக்கமாக உண்டவை நூற்றுக்கு 4. பால் கண்டவை 11. இதுதான் செழிப்பா?

1952 மார்ச் 10-ல், ஜூன் தேர்தலுக்குக் காத்திருக்காமல், ராணுவத்தைக் கொண்டு பாடிஸ்டா ஆட்சியைப் பறித்தான். அவ்வருஷம் 70 லட்சம் டன் சர்க்கரை உற்பத்தியாயிற்று. உலகச் சந்தையில் விலை சரிந்தது. சர்வாதிகாரி கண்ட மருந்து என்ன? மறுவருஷ உற்பத்தியைச் சுமார் 50 லட்சம் டன்னாக வெட்டினான். முதலாளியின் விலையைத் தூக்கி நிறுத்த, தொழிலாளியின் வேலை நாட்களைக் குறைத்தான்! செத்த காலம் இன்னும் நீண்டது. தங்களுக்குச் சேரவேண்டிய பாக்கியைக் கேட்டு 1955 டிசம்பரில் சர்க்கரைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது போலீஸை ஏவினான். தொழிற்சங்கத் தலைமைப் பீடத்தில் இருந்த முஹால் சர்வாதிகாரியின் கையாள். பிறகு தொழிலாளி எங்கே போய் முறையிடுவான்?

1957-ல் அமெரிக்க டெலிபோன் கம்பெனிக்குக் கட்டணத்தை உயர்த்திக்கொள்ள அனுமதி கிடைத்தது. பாடிஸ்டாவுக்குத் தங்கமுலாம் பூசிய டெலிபோன் பரிசு கிடைத்தது. கிராமத்து வீடுகளில் பத்தில் ஒன்றுக்குக்கூட மின்விளக்கு இல்லாத நாட்டில்!

மலையில் துப்பாக்கி ஏந்தியவர்களை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 1959 ஜனவரி 1-ல் பாடிஸ்டா ஓடியதும், அவனிடத்தில் இன்னொரு தளபதியை உட்கார வைக்கப் பார்த்தார்களே, அதை முறியடித்ததில் நாடு தழுவிய பொது வேலைநிறுத்தத்துக்கும் பெரும் பங்குண்டு. மே 17-ல் நிலச்சட்டம் வந்தது: பொதுவாக 402 ஹெக்டேர், அதாவது சுமார் ஆயிரம் ஏக்கருக்கு மேல் ஒருவன் வைத்திருக்கக் கூடாது. 1958 மார்ச் வரை பாடிஸ்டாவுக்கு ஆயுதம் அனுப்பிய வாஷிங்டன், 1960 ஜூலையில் கியூபாவிடம் வாங்கும் சர்க்கரையில் 7 லட்சம் டன்னை வெட்டியது.