நான்கு முறை எழுந்த நீராலை

திருகைக் கல்லைக் கைநோவச் சுற்றிய மனிதன் அவ்வேலையை ஓடும் ஆற்றிடம் ஒப்படைத்து ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றன. ஆற்றை நம்பி ஆலை அமைத்தோர் அதன் உதவியோடு சீற்றத்தையும் ஏற்கவேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்திலுள்ள 'வார் ஈகிள்' ஆலையின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

1832ஆம் ஆண்டு சில்வேனஸ் பிளக்பேர்ன் என்பவரும் அவர்தம் பாரியார் கதரினும் வார் ஈகிள் ஆற்றோரத்திற் குடியேறினர். அயலவர் விளைவித்த தானியத்தை மாவாக்குதற்பொருட்டு அங்கே ஓர் ஆலையும் அமைத்தனர். 1848இல் பெருகிவந்த வெள்ளம் அதனை அடித்துச் சென்றது. எந்த நீர் கல்லைச் சுழற்றிற்றோ, அந்த நீரே ஆலையையும் கொண்டுபோயிற்று. பிளக்பேர்ன் மனந்தளராது மீண்டும் கட்டினார்.

அடுத்து வந்தது உள்நாட்டு யுத்தம். 1862 மார்ச் மாதம், பீ ரிட்ஜ் என்னுமிடத்திற் போர் மூளுந் தறுவாயில், தென்மாநிலப் படையினர் ஆலைக்குத் தீயிட்டனர். அது வடவர் கையிற் சிக்கினால் அவர் படைக்கு மா கிடைத்துவிடும் என்பதே காரணம். பகைவனுக்கு மா கிடையாமற் செய்ய மூட்டிய அத்தீ, சுற்றுப்புறக் குடும்பங்களின் அரைகல்லையும் பறித்துவிட்டது.

தந்தையின் ஆலை சாம்பராயினும் தொழிலறிவு சாம்பராகவில்லை. 1873இல் மகன் ஜேம்ஸ் மூன்றாவது ஆலையை எழுப்பினார். அதுவும் 1924இல் தீக்கிரையாயிற்று. பின்னர் அரை நூற்றாண்டு அளவும் அக்கரையிற் கல் சுழலவில்லை.

1973இல் வேறொரு குடும்பத்தினர் அந்நிலத்தை வாங்கி, 1873ஆம் ஆண்டு ஆலையின் அமைப்பைப் பின்பற்றி நான்காவது ஆலையைக் கட்டினர். அதன் மரச்சக்கரம் 18 அடி விட்டமுடையது. ஆற்றுநீர் சக்கரத்தின் அடிப்பலகைகளைத் தள்ள, பற்சக்கரங்கள் அவ்விசையை மேலே கொண்டுசெல்லும். அசையாத கீழ்க்கல்லின்மேல் மேற்கல் சுழன்று தானியத்தை மாவாக்கும்.

இவர்கள் பிளக்பேர்ன் வழித்தோன்றல்கள் அல்லர். எனினும் பழைய அமைப்பு அறியக் கிடைத்தமையால் அக்குடும்பத்தின் தொழிலுக்கு வாரிசுகளாயினர். கட்டடம் அழியும், அதைக் கட்டும் முறை எழுத்தில் நின்றால் மீண்டும் எழும். மாணவர்களே, உங்கள் பாட்டனார் கைத்தொழில் எதுவாயினும், அதன் நுணுக்கங்களை அவரிடமே கேட்டு இன்றே ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள்.