ஹோலுக்குள்ள ஒரு ரெனிஸ் கோர்ட்: வாங்கலாமா, விடலாமா?

வருசத்தில் இரண்டு தடவை இந்தக் கேள்வி என்னட்ட வரும். ஓகஸ்டில் ஒருக்கா, டிசம்பரில் ஒருக்கா. வெளிநாட்டுச் சொந்தக்காரர் ஊருக்கு வெளிக்கிடுகிற காலம். "சித்தப்பா என்ன வேணும் எண்டு கேக்கிறார். பிள்ளையளுக்கு அந்தக் கையை ஆட்டி விளையாடுற கேமைக் கொண்டு வரச் சொல்லட்டோ?" கேட்கிற ஆளுக்கு கேமில் பெரிய அக்கறை ஒண்டும் இருக்காது. பிள்ளை போனைப் பிடித்தபடி கட்டிலில் கிடக்கிறதுதான் அவருக்குப் பிரச்சினை. இதெண்டால் எழும்பி நிண்டாவது விளையாடுமே எண்ட நப்பாசை.

என்ர பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். உடம்பு குறைக்க, சுகர் குறைக்க, பிள்ளையை 'அக்ரிவ்' ஆக்க எண்டு நினைத்து வாங்கினால் காசு வீண். வீட்டில் சேர்ந்து விளையாட மூன்று நாலு பேர், அதுவும் வேறு வேறு வயதில் இருக்கினம் எண்டால் வாங்குங்கள். அதற்குப் புதுசும் தேவையில்லை, 2006ஆம் ஆண்டு வந்த பெட்டியே காணும்.

அந்தப் பெட்டி நின்டென்டோ வீ. அப்ப சோனியும் மைக்ரோசொப்ற்றும் யாரின்ர படம் தெளிவு, யாரின்ர சிப் வேகம் எண்டு அடிபட்டுக்கொண்டிருந்தார்கள். நின்டென்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாட்டா அந்தப் போட்டிக்கே போகவில்லை. கேம் விளையாடாத ஆக்களை விளையாட வைக்கிறதுதான் அவரின் கணக்கு. பதினைந்து பொத்தான் இருக்கிற கொன்ட்ரோலரைக் கண்டால் எங்கட அம்மாமார் தொடவே மாட்டார்கள். ரி.வி. றிமோட் மாதிரி ஒண்டைக் கையில் குடுத்து, பந்து வரும்போது அடியுங்கோ எண்டால் அடிப்பார்கள். அவ்வளவுதான் யோசனை. 10 கோடிக்கு மேல் விற்றது.

இனி அந்த றிமோட்டுக்குள் என்ன நடக்குது எண்டு கொஞ்சம் பார்க்க வேணும். வாங்கிறதா இல்லையா எண்டதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கு. அதற்குள் இருக்கிறது முடுக்கத்தை அளக்கிற சின்னச் சிப் ஒண்டு. கை எவ்வளவு கெதியாக அசைந்தது எண்டதுதான் அதற்குப் பிடிபடும். உங்கட தோள் திரும்பியதா, கால் நகர்ந்ததா, நீங்கள் நிற்கிறீர்களா செற்றியில் சாய்ந்திருக்கிறீர்களா எண்டு அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் வீ ஸ்போர்ட்ஸ் ரெனிஸில் முதல் நாள் எல்லாரும் எழும்பி நிண்டு வியர்க்க வியர்க்க அடிப்பார்கள். மூன்றாம் நாள் யாராவது ஒரு பெடியன் மணிக்கட்டைச் சும்மா சுண்டினாலே போதும் எண்டு கண்டுபிடிப்பான். நாலாம் நாள் முழு வீடும் செற்றியில். 2009இல் சுழற்சியையும் அளக்கிற மோஷன் பிளஸ் வந்தது. கை திரும்பினதும் தெரியும், அடி திருத்தமாக விழும். ஆனாலும் அதுவும் கையைத்தான் பார்க்கும், உங்களை அல்ல.

முழு உடம்பையும் பார்த்தது மைக்ரோசொப்ற்றின் கினெக்ட். 2010 நவம்பரில் வந்தது. கையில் ஒண்டுமே பிடிக்கத் தேவையில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறை முழுக்கத் தெளித்து, அவை விழுகிற விதத்தை வைத்து ஆள் எங்கே, கை கால் எங்கே எண்டு கணக்குப் போடும். ஏமாற்றுவது கஷ்டம். ஆனால் அதற்கு இடம் வேணும். ஒருவர் விளையாட கமராவிலிருந்து 6 அடி, இரண்டு பேருக்கு 8 அடி தள்ளி நிற்க வேணும், நடுவில் ஒரு சாமானும் இருக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துப் பழைய வீட்டு ஹோல் எண்டால் பிரச்சினை இல்லை. வெள்ளவத்தையில் பிளாற் ஒண்டில் செற்றி, சாப்பாட்டு மேசை, சாமி அலுமாரி எல்லாம் ஒரே அறைக்குள் வைத்திருக்கிறவர் என்ன செய்கிறது? விளையாட முதல் மேசையைத் தூக்கி வைக்கிற வேலையே அந்த நாளுக்கு வேண்டிய எக்சசைஸ். 2017இல் கினெக்ட் தயாரிப்பையே நிற்பாட்டிவிட்டார்கள். இனி புதுக் கேமும் வராது, பழுதானால் பாகம் தேடித்தான் திரிய வேணும். ஆசைப்பட்டு பழையதை வாங்குகிறவர் இதைத் தெரிந்துகொண்டு வாங்கட்டும்.

புதுசாக வாங்குவதெண்டால் இப்ப நின்டென்டோ சுவிட்ச்தான். 2022இல் வந்த சுவிட்ச் ஸ்போர்ட்ஸில் ரெனிஸ், போலிங், வொலிபோல் எல்லாம் இருக்கு. பட்மின்ரனும் இருக்கு, எங்கட ஆக்களுக்கு அதுதான் பிடிக்கும். (போலிங் எண்டதும் கிரிக்கெட் எண்டு நினைத்து சந்தோசப்பட்டவர்களை எனக்குத் தெரியும். உருட்டிக் கட்டையை விழுத்துகிற போலிங் அது. கிரிக்கெட் நின்டென்டோவின் இந்த விளையாட்டுத் தொகுப்புகளில் ஒண்டிலும் இல்லை. கிரிக்கெட் இல்லாத ஒரு விளையாட்டுப் பெட்டியை இந்த நாட்டில் விற்கப் பார்த்தவர்களின் துணிவைப் பாராட்டத்தான் வேணும்.)

காசுக் கணக்கு. சுவிட்ச் வந்த காலத்து விலை 300 டொலர். டொலரை 300 ரூபா எண்டு வைத்தால் 90,000. சுவிட்ச் ஸ்போர்ட்ஸ் 50 டொலர், 15,000. பெட்டியோடு வருகிற இரண்டு ஜோய்கொன்னில் இரண்டு பேர்தான் விளையாடலாம். நாலு பேருக்கு இன்னொரு சோடி வேணும், அது அப்ப 80 டொலர், 24,000. கூட்டினால் 1,29,000 ரூபா. இதற்குள் வரியும் கடைக்காரரின் லாபமும் இல்லை. 2025 ஜூனில் வந்த சுவிட்ச் 2 இன்னும் விலை, வந்தபோது 450 டொலரில் தொடங்கினது. இந்தக் காசுக்கு ஊரிலே எத்தனை பிள்ளைகளின் ரியூசன் காசு கட்டலாம் எண்டு அம்மா கேட்பா. கேட்கட்டும், நியாயமான கேள்விதான்.

அதனால்தான் நான் பாவிச்ச வீ எண்டு சொல்கிறேன். ஆட்டி விளையாடுகிற அந்த முதல் சந்தோசம் அதில் முழுசாக இருக்கு. ஆனால் எங்கிருந்து வருகுது எண்டு பார்க்க வேணும். லண்டனிலிருந்து வந்தால் 230 வோல்ட், எங்கட கரண்டுக்குச் சரி. கனடாவிலிருந்து வந்தால் அதன்ர அடப்ரர் 120 வோல்ட்டுக்குச் செய்தது. இங்கே நேரே செருகினால் ஒரு மணம் வரும், அவ்வளவுதான். எங்கட கரண்டுக்கேற்ற அடப்ரர் ஒண்டு தேட வேணும். டிஸ்க்கும் அப்படித்தான், கனடா வீயில் லண்டன் டிஸ்க் ஓடாது, மறுபக்கமும் ஓடாது. மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் போடுகிற ஓட்டை உங்கட ரி.வி.யில் இருக்குதா எண்டும் பாருங்கள். புது ரி.வி.கள் பலதில் இல்லை. ரி.வி.க்கு மேலே வைக்கிற 'சென்சர் பார்' உடைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பெயர்தான் சென்சர், உண்மையில் அது இரண்டு பக்கமும் அகச்சிவப்பு விளக்கு மட்டும், பார்க்கிற கண் றிமோட்டின் நுனியில்தான் இருக்கு. இரண்டு மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்தாலும் வேலை செய்யும். செய்து பார்த்திருக்கிறேன்.

சுவிட்ச்சின் சார்ஜர் எந்த நாட்டுக் கரண்டுக்கும் ஒத்துப்போகும், அந்தத் தலையிடி இல்லை. ஆனால் சித்தப்பாமார் விலை குறைவு எண்டு 'சுவிட்ச் லைற்' எண்டதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதன்ர கொன்ட்ரோலர் கழராது, ரி.வி.யில் போடவும் ஏலாது. பிள்ளை திரும்பக் கட்டிலில்தான்.

இவ்வளவு சொன்ன பிறகும், "பெடியள் கிரவுண்டுக்குப் போய் விளையாடட்டும், இதென்ன வீட்டுக்குள்ள கூத்து" எண்டு ஒருவர் சொல்வார். எப்பவும் சொல்வார். அவர் சொல்கிறதில் 'பெடியள்' எண்ட சொல்லைக் கவனியுங்கள்.

பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கட ஊர்க் கிரவுண்டுகளை ஒருக்கா போய்ப் பாருங்கள். கிரிக்கெட், புட்போல், வொலிபோல். எல்லாம் பெடியள். தர்ஜினி சிவலிங்கம் வலைப்பந்தில் நாட்டுக்கு விளையாடியதைச் சொல்லிப் பெருமைப்படுகிற ஊர் இது. ஆனால் சாமத்தியப்பட்ட பிள்ளையைப் பின்னேரம் கிரவுண்டுக்கு அனுப்புகிற வீடு எத்தனை? பாடசாலை, ரியூசன், வீடு. அண்ணன் மட்டையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிட, தங்கச்சி தேத்தண்ணி போடுவாள். அம்மா கடைசியாக எப்ப ஓடி விளையாடினவ எண்டு அவவிட்டையே கேட்டுப் பாருங்கள், ஞாபகம் இருக்காது.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் லண்டன் வீ ஒண்டு ஐந்து வருசமாக ஹோலில் நிற்குது. அந்த வீட்டுப் பெடியன் அதைத் தொடுகிறதில்லை, அவனுக்குக் கிரவுண்டும் போனும் காணும். விளையாடுகிறது அவனின் தங்கச்சி, மாமி, சில நாளில் எழுபது தாண்டின அப்பம்மா. அப்பம்மா கதிரையில் இருந்தபடிதான் போலிங். மணிக்கட்டால் சுண்டுகிறதுதான், உடற்பயிற்சி எண்டு ஒரு சதமும் இல்லை. ஆனால் கட்டை எல்லாம் விழுந்தால் அவ போடுகிற சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். மாமி பொக்சிங் மட்டும்தான் விளையாடுவா. யாரை நினைத்துக் குத்துகிறா எண்டு நாங்கள் கேட்கிறதில்லை.

இதை வைத்துக்கொண்டு "பொம்பிளைப் பிள்ளைக்குக் கிரவுண்ட் எதற்கு, வீட்டிலேயே ரெனிஸ் இருக்குத்தானே" எண்டு யாராவது தொடங்கினால் அந்தப் பெட்டியை நானே வந்து கழட்டுவேன். கிரவுண்ட் வேணும் எண்டு கேட்கிறது வேற கதை, அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேணும். ஆனால் அது கிடைக்கும் வரைக்கும் ஒரு வீட்டுப் பெண்கள் பின்னேரத்தில் அரை மணித்தியாலம் சத்தம் போட்டு விளையாடுகிறதுக்கு ஒரு விலை போடலாம் எண்டால், பாவிச்ச வீ ஒண்டின் விலை எனக்கு அதிகமாகத் தெரியவில்லை. ஒண்டேகால் லட்சத்துக்கு மேல் எண்டால் கொஞ்சம் யோசிப்பேன். தனிப்பிள்ளை இருக்கிற வீடு எண்டால், அப்பா அம்மா இரண்டு பேரும் எட்டு மணிக்குத்தான் வேலையால் வருவினம் எண்டால், வேண்டாம் எண்டே சொல்வேன். இரண்டாம் மாதமே அதற்கு மேல் தூசு படியும்.

வாங்கினால் ஹோலில் வையுங்கள், பெடியன்ர அறையில் வேண்டாம். அறைக்குள் போனால் அது அவன்ர சாமான் ஆகிவிடும், பிறகு அப்பம்மா கதவைத் தட்டிக் கேட்டு விளையாட மாட்டா. பற்றரி ரீசார்ஜ் பண்ணுகிறதாக எடுங்கள், ஒரு றிமோட்டுக்கு இரண்டு வேணும். றிமோட்டில் இருக்கிற பட்டியைக் கையில் கட்டாமல் ஒருவரையும் விளையாட விடாதீர்கள். 2006 டிசம்பரில் நின்டென்டோ 32 லட்சம் பட்டிகளை மாற்றிக் குடுக்க வேண்டி வந்தது, சனம் றிமோட்டை ரி.வி.க்குள்ளேயே எறிந்ததால்தான். அதோடு மேலே பாருங்கள், பான் எவ்வளவு உயரத்தில் சுத்துது எண்டு. பட்மின்ரனில் ஸ்மாஷ் அடிக்க கை தலைக்கு மேலே போகும். உயரமான ஆள் இருக்கிற வீடு எண்டால் வேர்த்தாலும் பரவாயில்லை, பானை நிற்பாட்டிவிட்டுத் தொடங்குங்கள்.