செக்குக்கு ஒரு நியாயம், லாக்கப்புக்கு ஒரு நியாயம்

பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்காமல் திருவனந்தபுரத்துக்காரர்கள் எந்தக் காரியத்தையும் ஆரம்பிக்க மாட்டார்கள். அந்தக் கோவிலிலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் ஃபோர்ட் போலீஸ் ஸ்டேஷன் இருக்கிறது. நம்ம ஊரிலிருந்து மாற்றலாகி இங்கே வந்த என்னைப் போன்றவர்களுக்கு அது இன்னொரு ஸ்டேஷன், அவ்வளவுதான். மலையாளிகளுக்கு அந்தப் பெயரைக் கேட்டதும் ஞாபகம் வருகிற வார்த்தை: உருட்டிக்கொலை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2005 செப்டம்பர் 27. ஸ்ரீகண்டேஸ்வரம் பார்க்கில் இருந்த உதயகுமார் என்ற இளைஞரை போலீஸ் பிடித்துப் போனது. கையில் 4,020 ரூபாய் இருந்தது. திருட்டுப் பணம் என்று சந்தேகம். அன்று ராத்திரியே ஆள் செத்துப் போனார். தொடைமேல் இரும்புக் குழாயை வைத்து உருட்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அந்தப் பெயர் வந்தது அப்படித்தான்.

அவருடைய அம்மா பிரபாவதி லேசில் விடவில்லை. முக்கிய சாட்சி பல்டி அடித்ததும் ஹைகோர்ட்டுக்குப் போய் சி.பி.ஐ. விசாரணை வாங்கினார். 2018 ஜூலையில், அதாவது 13 வருடம் கழித்து, சி.பி.ஐ. கோர்ட் இரண்டு போலீஸ்காரர்களுக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. மூடி மறைத்ததற்காக மேலதிகாரிகளுக்கு ஜெயில். 2025 ஆகஸ்டில் கேரள ஹைகோர்ட் அத்தனை பேரையும் விடுதலை செய்துவிட்டது. சி.பி.ஐ. விசாரணையில் அவ்வளவு ஓட்டைகளாம்.

ஹைகோர்ட்டைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. சாட்சி சரியில்லை என்றால் ஒருத்தரைத் தூக்கில் போட முடியாது. அது சரிதான். ஆனால் ஸ்டேஷனுக்குக் கொண்டு போன ஆள் அன்றைக்கே செத்தார் என்பது எந்தத் தீர்ப்பிலும் மாறவில்லையே? அதற்குக் கணக்கு சொல்ல வேண்டியது யார்?

நான் படித்தது பி.காம்., பார்ப்பது பேங்க் உத்தியோகம். எனக்குத் தெரிந்த வழியில் சொல்கிறேன். சாயந்திரம் கேஷ் கவுண்டரில் பணம் குறைந்தால் நாங்கள் கஸ்டமரைக் கூப்பிட்டு "யார் எடுத்தது என்று நிரூபியுங்கள்" என்று கேட்பதில்லை. பணம் யார் பொறுப்பில் இருந்ததோ அவர்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. செக் கொடுத்து பவுன்ஸ் ஆனால் மாற்றுமுறைச் சட்டத்தின் 139வது பிரிவு என்ன சொல்கிறது? கடனுக்காகத்தான் அந்த செக் கொடுக்கப்பட்டது என்று கோர்ட் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் கொடுத்தவர் நிரூபிக்க வேண்டும். ஐயாயிரம் ரூபாய் செக்குக்கும் இதுதான். வரதட்சிணைச் சாவிலும் இதே மாதிரி ஒரு அனுமானம் 1986லிருந்து இருக்கிறது. அப்படியானால் லாக்கப்பில் செத்தவருக்கு மட்டும் ஏன் இல்லை?

யாரும் யோசிக்காத விஷயம் இல்லை இது. 1985ல் ராம் சாகர் யாதவ் வழக்கிலேயே சுப்ரீம் கோர்ட் இதைச் சொன்னது. அடிபட்டவரைத் தவிர அங்கே பார்த்தவர்கள் எல்லோரும் போலீஸ்காரர்கள், சக போலீஸ்காரருக்கு எதிராக அவர்கள் வாய் திறக்க மாட்டார்கள், அதனால் நிரூபிக்கும் சுமையைப் பற்றி அரசு மறுபடி யோசிக்கட்டும் என்று. அதே வருடம் சட்டக் கமிஷன் தன் 113வது அறிக்கையில், சாட்சியச் சட்டத்தில் 114பி என்று ஒரு பிரிவு சேர்க்கச் சொன்னது. காவலில் இருந்தபோது காயம் ஏற்பட்டது என்று சாட்சியம் இருந்தால், காவலில் வைத்திருந்த அதிகாரிதான் அதை ஏற்படுத்தினார் என்று கோர்ட் கருதலாம். கவனியுங்கள், 'கருதலாம்'தான், 'கருதியே ஆகவேண்டும்' இல்லை. டாக்டர் சொல்வதையும் எத்தனை நேரம் காவலில் இருந்தார் என்பதையும் பார்த்து முடிவு செய்யலாம். அதிகாரிக்கு மறுத்து நிரூபிக்க வாய்ப்பும் உண்டு. செக் கொடுத்தவருக்கு இருப்பதைவிட லேசான சுமைதான்.

நாற்பது வருடம் ஆகிவிட்டது. அந்தப் பிரிவு வரவேயில்லை. 1872ம் வருடத்துச் சாட்சியச் சட்டத்தையே எடுத்துவிட்டுப் புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள், 2024 ஜூலை 1 முதல் அமல். அதிலும் இல்லை!

"அதான் சி.சி.டி.வி. வந்துடுச்சே சார்" என்பார்கள். ஜெயராஜும் பென்னிக்ஸும் இறந்த சாத்தான்குளம் விவகாரத்தில், 2020 ஜூனில், ஹைகோர்ட் அனுப்பிய மாஜிஸ்திரேட் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தார். ஹார்டு டிஸ்கில் இடம் நிறைய இருந்தும், பதிவு தினமும் தானாக அழிகிற மாதிரி செட் செய்து வைத்திருந்தார்கள். கேமராவும் அவர்கள் கையில்தானே இருக்கிறது? அதே வருடம் டிசம்பரில் எல்லா ஸ்டேஷனிலும் கேமரா வைக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட் உத்தரவு போட்டது. நல்லதுதான். ஆனால் பதிவு காணாமல் போனால் அதன் பலன் யாருக்குப் போகிறது என்பதுதான் கேள்வி. இப்போதைக்கு அழித்தவருக்குத்தான் போகிறது.

இப்படி ஒரு பிரிவு வந்தால் நேர்மையான போலீஸ்காரருக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. பிடித்த நேரத்தை அப்போதே எழுதி, வீட்டுக்குத் தகவல் சொல்லி, டாக்டரிடம் காட்டி வைத்தால் அவர் கணக்கு நேராக இருக்கும். 1996ல் டி.கே. பாசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொன்னதும் இதைத்தான். கணக்கு நேராக இல்லாதவர்களுக்குத்தான் பயம் வரும். வரட்டுமே!

பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு அம்மா இருபது வருடம் கோர்ட் வாசலில் நின்று, "யார் கொன்றது என்று நீதான் காட்டு" என்ற இடத்திலேயே நிற்கிறார். ஐயாயிரம் ரூபாய் செக்கை வைத்திருப்பவரை நம் சட்டம் இப்படி நிற்க வைப்பதில்லை.