ஆங்கிலச் சொல்லறிவு: 'கான்ஸ்பிக்யுவஸ்லி'

"'நோட்டீஸபிளி', 'கான்ஸ்பிக்யுவஸ்லி' ஆகிய இரண்டிற்கும் அகராதி ஏறக்குறைய ஒரே பொருளைத்தான் தருகிறது. எதை எங்கே எழுதுவது?" என்று கல்லூரியில் பயிலும் வாசகி ஒருவர் கேட்டுள்ளார். நல்ல கேள்வி.

காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை சற்று மெலிந்திருக்கிறான். உற்று நோக்குவோர்க்கு அது புலப்படுகிறது. இங்கே 'நோட்டீஸபிளி' போதும். வெள்ளுடை அணிந்த கூட்டத்தின் நடுவே ஒருவர் மட்டும் செஞ்சட்டையுடன் நிற்கிறார். நாம் தேடவில்லை, அவரே கண்ணை இழுக்கிறார். இதுவே 'கான்ஸ்பிக்யுவஸ்லி'. ('ஸ்பிக்' என்னும் அசையை அழுத்தி ஒலிக்க வேண்டும்.) இலத்தீனில் 'ஸ்பெக்கெரே' என்றால் பார்த்தல். 'இன்ஸ்பெக்டர்' பிறந்ததும் அவ்வேரிலிருந்தே. பாட்டியின் 'ஸ்பெக்டக்கிள்ஸ்' கூட அக்குடும்பந்தான்!

இவ்வேறுபாடு ஏட்டோடு நிற்பதன்று. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தைப் பாருங்கள். எவ்வளவு முயன்றும் பிரதிவாதியைக் காண இயலாவிடில், சம்மனின் நகலை அவர் வீட்டு வெளிக்கதவிலோ, வீட்டின் 'கான்ஸ்பிக்யுவஸ்' ஆன வேறொரு பகுதியிலோ ஒட்ட வேண்டுமென்கிறது அது. மாட்டுத்தொழுவத்தின் பின்சுவரில் ஒட்டினாலும் தேடுவோர்க்குத் தெரியத்தான் செய்யும். ஆனால், தம்மீது வழக்கு இருப்பதையே அறியாதவர் எதைத் தேடுவார்? அவரில்லாமலே வழக்கு ஒருதலையாக முடிந்து, வீடோ நிலமோ கைமாறிப் போகலாம். ஆகவேதான் சட்டம் இச்சொல்லைத் தேர்ந்தது.

இச்சொல் புகழ்வதும் உண்டு, இகழ்வதும் உண்டு. விக்டோரியா சிலுவை பெறும் வீரரின் துணிவுக்கு இதே அடைமொழி. உடையைப் பற்றிச் சொன்னாலோ, பிறர் பார்க்க வேண்டுமென்றே உடுத்தியதாகிவிடும். ஊரார் மெச்சச் செய்யும் ஆடம்பரச் செலவுக்கு 1899-இல் தார்ஸ்டீன் வெப்லன் சூட்டிய பெயரிலும் இதுவே முதற்சொல். எனவே வேலைக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் தம்மைக் குறித்து இதை எழுதாதிருப்பது நலம்.

வியப்பானது, இல்லாமையும் கண்ணில் படும் என்பது. கி.பி. 22-இல் உரோமையில் யூனியா என்னும் மூதாட்டி இறந்தார். சீசரைக் கொன்ற புரூட்டஸ் அவருடைய சகோதரர், காசியுஸ் கணவர். இறுதி ஊர்வலத்தில் இருபது பெருங்குடிகளின் மூதாதையர் உருவங்கள் சென்றன. அவ்விருவர் உருவங்கள் மட்டும் இல்லை. இல்லாததாலேயே அவர்கள் மற்றெல்லாரினும் ஒளிர்ந்தனர் என்று வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதினார். 1859-இல் ஜான் ரஸ்ஸல் பிரபு இக்கருத்தை ஆங்கிலத் தொடராக்கி, அது தம் சொந்தச் சரக்கன்று எனவும் ஒப்புக்கொண்டார்.

'கான்ஸ்பிக்யுவஸ்லி ஆப்சென்ட்' என்பது அவ்வழக்கே. தங்கையின் திருமணத்திற்கு மூத்த அண்ணன் வராவிடில் அப்படி எழுதலாம். அழைப்பே பெறாத அயலூரார் வராததற்கு வெறும் 'ஆப்சென்ட்' என்பதுகூட மிகை.