மலைமேல் மார்கழி: கரியில்லாமல் கதகதப்பு

திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகி நீலகிரியில் கேத்திப் பள்ளத்தாக்குக்குக் குடிபோன வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். வாடகை வீடு, மேலே தகரக் கூரை, கீழே சிமெண்டுத் தரை. வீட்டில் நாலு மாதக் கைக்குழந்தையும் சர்க்கரை வியாதியுள்ள மாமியாரும் இருக்கிறார்கள். “கார்த்திகை பிறந்ததிலிருந்து ராத்திரி பல் தந்தியடிக்கிறது. ஹீட்டர் போட்டால் கரண்ட் பில்லைப் பார்த்து அவருக்குக் காய்ச்சல் வருகிறது. பக்கத்து வீட்டம்மா, படுக்கிற ரூமில் ஒரு சட்டியில் கரியைப் பற்றவைத்து வை, புகை வராது, விடிய விடியக் கதகதப்பாக இருக்கும் என்கிறார். வைக்கலாமா?” என்று கேட்கிறார்.

வைக்கவே கூடாது. மற்ற யோசனைகளை எல்லாம் நிதானமாகச் சொல்கிறேன். இதை மட்டும் முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள்.

“புகை வரவில்லையே” என்ற தைரியம்தான் ஆபத்து. விறகு புகைந்தால் கண் எரியும், இருமல் வரும், நாமே எழுந்து கதவைத் திறந்துவிடுவோம். நன்றாகக் கனன்ற கரியில் அந்த எச்சரிக்கை கிடையாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயுவுக்கு நிறமோ மணமோ இல்லை. நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடம்பெங்கும் சுமந்து செல்வது ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். இந்த விஷ வாயு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பலத்தோடு அதைப் பற்றிக்கொள்ளும். நெஞ்சு மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் மூளைக்குப் போய்ச் சேர வேண்டியது சேராது. முதலில் தலைவலி, அப்புறம் தலைசுற்றல், குமட்டல், ஒரு மந்தம். தூங்குகிறவர்களுக்கு இது எதுவுமே தெரியாது. மலை ஊர்களில் அறைக்குள் கரி அடுப்பை வைத்துப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்று பத்திரிகையில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். கைக்குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் இது இன்னும் சீக்கிரம் தாக்கும்.

இதில் சில சமாதானங்கள் வேறு உலவுகின்றன. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் போதும் என்பார்கள். இந்த வாயு தண்ணீரில் கரைவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவாகத்தான் கரையும். நெருப்பின் மேல் சாம்பல் மூடிவிட்டால் பயமில்லை என்பார்கள். சாம்பலுக்கு அடியில் கரி கனன்றுகொண்டிருக்கும் வரை வாயு வந்துகொண்டேதான் இருக்கும். ஜன்னலை ஒரு விரற்கடை திறந்து வைத்தாலும் அது நம்பத்தக்க பாதுகாப்பு இல்லை. வாசலில் கரியை மூட்டிச் சுற்றி உட்கார்ந்து குளிர் காயுங்கள், தாராளமாக. படுக்கப் போகும்போது நெருப்பு வெளியிலேயே இருக்கட்டும். கேஸ் அடுப்பைச் சும்மா எரியவிட்டு அறையைச் சூடாக்குவதும் இதே ரகம்தான். காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் கேஸ் கீசர் மாட்டியிருந்தால் அதையும் வெளிப்புறத்துக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்து, வயிற்றைப் புரட்டினால், “ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை” என்று இருந்துவிடாதீர்கள். கதவு ஜன்னல்களைத் திறந்து எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சரி, கரி வேண்டாம். குளிருக்கு என்ன பண்ணுவது?

குளிர் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் பாதிச் செலவு மிச்சம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். ராத்திரி வானம் நிர்மலமாக இருந்தால், பூமி பகலில் வாங்கிய சூட்டையெல்லாம் தடையில்லாமல் வானத்துக்கு விட்டுவிடுகிறது. மேகம் மூடியிருந்தால் அது ஒரு போர்வை மாதிரி. அதனால் பகலில் வானம் நீலமாகப் பளிச்சென்று இருந்தால், அன்று ராத்திரிக்குக் கம்பளியை ஒன்று கூடுதலாக எடுத்து வையுங்கள். அது மட்டுமல்ல, குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். மேட்டு வீட்டைவிடப் பள்ளத்து வீட்டில் உறைபனி அதிகமாக இருப்பதற்கு இதுதான் காரணம். பனிக்காலத்தில் தோட்டக்காரர்கள் இளஞ்செடிகளை இலைதழை போட்டு மூடிவைப்பதைப் பார்த்திருப்பீர்கள். செடிக்கும் வானத்துக்கும் நடுவே ஒரு மறைப்பு, அவ்வளவுதான். உங்கள் தகரக் கூரைக்கும் அதே வைத்தியம்தான் தேவை.

தகரம் சூட்டைக் கொஞ்சமும் பிடித்து வைக்காது. ராத்திரி சில்லிட்டுப் போய், நம் மூச்சின் ஈரமே அதில் வேர்த்துப் படுக்கையில் சொட்டும். படுக்கும் அறைக்காவது உள்கூரை ஒன்று கட்டிவிடுங்கள். விளம்பரத்துக்குக் கட்டி அவிழ்த்த பழைய பிளெக்ஸ் பேனர் சல்லிசாகக் கிடைக்கும். அதைக் கூரைக்கு ஒரு சாண் கீழே, கம்பி இழுத்து விறைப்பாகக் கட்ட வேண்டும். மேலே காலிச் சாக்குகளைப் பிரித்துப் பரப்பலாம். நடுவில் அடைபட்டு நிற்கும் காற்றுதான் உங்களுக்குப் போர்வை. சாக்கு நனைந்தால் பிரயோஜனமில்லை, ஆகவே ஒழுகலை முதலில் அடைத்துவிடுங்கள். பிளெக்ஸும் சாக்கும் தீப்பற்றக்கூடியவை. அடுப்பு இருக்கும் இடத்திலும் விளக்கேற்றும் இடத்திலும் இந்த வேலை வேண்டாம்.

இந்த மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் தோடர்களின் பழைய குடிசையைப் பார்த்தால் எனக்கு வியப்பாக இருக்கும். அரைப் பீப்பாய் மாதிரி வளைந்த தடித்த கூரை, குனிந்து தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு சின்ன வாசல். சூடு தப்பிப் போக வழியே விடவில்லை. கோவைக் கலெக்டர் ஜான் சல்லிவன் 1822-இல் உதகையில் கல் பங்களா கட்டத் தொடங்கினார். அதற்குப் பிறகு வந்த துரைமார் உயரமான கூரையும் சுவரில் பெரிய கணப்புமாகக் கட்டினார்கள். திறந்த கணப்பின் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியாக வெளியே போய்விடும். பார்வைக்கு அழகு, விறகுக்கு நஷ்டம். நம் சிக்கனத்துக்குத் தோடர் வீடுதான் பள்ளிக்கூடம். சின்ன அறை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பனிக்காலம் முடியும் வரை எல்லோரும் அதிலேயே படுங்கள். நாலு உடம்பின் சூடு ஒரு சின்ன அறைக்கு லேசான விஷயமில்லை.

கதவின் அடிச்சந்து வழியாக வரும் காற்றுதான் பெரிய திருடன். கிழிந்த பேண்ட்டின் ஒரு காலை வெட்டி, மணலோ மரத்தூளோ அடைத்து, இரு முனையும் தைத்து, கதவை ஒட்டிப் போடுங்கள். ஊதுவத்தி ஒன்றை ஏற்றி ஜன்னல் சட்டத்தின் ஓரமாக மெல்லக் கொண்டுபோனால், புகை ஆடும் இடத்தில் இடுக்கு இருக்கிறது என்று தெரிந்துவிடும். அந்த இடுக்கில் மைதாப் பசையில் நனைத்த செய்தித்தாளைத் திணித்துவிடலாம். ஜன்னல் கண்ணாடிக்குப் பார்சலில் சுற்றி வரும் கொப்புளப் பிளாஸ்டிக் அருமையான சட்டை. கண்ணாடியில் லேசாகத் தண்ணீர் தெளித்து ஒட்டினால் நிற்கும். வெளிச்சத்தையும் மறைக்காது.

தென்புற ஜன்னல் உங்கள் இலவச ஹீட்டர். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துதான் போகிறான். காலையில் வெயில் ஏறியதும் அந்தப் பக்கத்துத் திரையை முழுக்க ஒதுக்கிவிடுங்கள். மெத்தை, தலையணை, கம்பளி எல்லாம் வெயிலில் காயட்டும். நாலு மணிக்கெல்லாம் உள்ளே எடுத்துத் திரையை இழுத்துவிட வேண்டும். வெயில் சாய்ந்த பிறகு எடுத்தால், காய்ந்த மெத்தை மறுபடி ஈரம் குடித்திருக்கும். திரைக்குப் புதுத்துணி வாங்க வேண்டாம். பழைய பட்டுப்புடவைக்குப் பின்னால் பழைய போர்வையை வைத்துத் தைத்தால் கனமாக, தரை வரை தொங்கும்.

நடுப்பகலில் மட்டும் பத்து நிமிஷம் எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். குளிருக்குப் பயந்து நாள் முழுக்க மூடியே வைத்து, உள்ளேயே கொடி கட்டித் துணியும் உலர்த்தினால், ஈரம் சுவரேறிப் பூஞ்சை பிடிக்கும். இழுப்பு உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அது ஆகாது. ஈர வீட்டில் குளிரும் கூடத் தெரியும்.

படுக்கையைப் பற்றி ஒன்று. மேலே எத்தனை போர்த்தினாலும் கீழே சிமெண்டுத் தரை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தரையில் படுப்பவர்கள் முதலில் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துப் பரப்பி, மேலே கோரைப்பாய், அதற்கு மேல் ஜமக்காளம், பிறகு மெத்தை என்று அடுக்குங்கள். கட்டிலானால் வெளிச்சுவரை விட்டு ஒரு முழமாவது தள்ளிப் போடுங்கள்.

இனி கரண்ட் கணக்கு. 1,000 வாட் ஹீட்டர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். ராத்திரி முழுக்க எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட், மாதத்துக்கு 240. வெந்நீர் ரப்பர் பையின் கணக்கைப் பாருங்கள். ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் குளிர்ந்த நிலையிலிருந்து 70 டிகிரிக்குச் சூடாக்க ஏறக்குறைய யூனிட்டில் பத்தில் ஒரு பங்குதான் ஆகும். மூன்று பை நிரப்பினாலும் மாதத்துக்குப் பத்து யூனிட்டைத் தொடாது. அறை முழுவதையும் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவதுதான் மலிவு. ஹீட்டர் இருந்தால் படுப்பதற்கு முன் அரை மணி போட்டு அணைத்துவிடுங்கள். திரைக்கும் துணிக்கும் மூன்று அடி தள்ளி, சுவரிலுள்ள பெரிய பிளக்கில்தான் மாட்ட வேண்டும். எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டாதீர்கள்.

ரப்பர் பையில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றக் கூடாது. முக்கால் பங்குக்குக் குறைவாக நிரப்பி, காற்றைப் பிதுக்கி வெளியேற்றி, மூடியை இறுக்கிக் கவிழ்த்துப் பார்த்து, தடித்த துணி உறைக்குள் போட்டுப் போர்வைக்குள் வையுங்கள். வெடிப்பு விட்ட பழைய பையைத் தூக்கி எறியுங்கள், அதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். மாமியாருக்குச் சர்க்கரை இருக்கிறது என்கிறீர்கள். காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் பை சுட்டாலும் அவருக்குத் தெரியாது. காலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஆகையால் படுக்கையைச் சூடாக்கிவிட்டு, அவர் படுக்கும்போது பையை எடுத்துவிட்டுக் கம்பளிக் காலுறை போட்டுவிடுங்கள். வயதானவர்களுக்குக் குளிர் உறைப்பதே தாமதமாகத்தான். “எனக்கு ஒன்றும் குளிரவில்லை” என்பார்கள், கையைத் தொட்டால் ஜில்லென்றிருக்கும். குளிரில் ரத்த அழுத்தம் ஏறும், தாகமும் தெரியாது. பிளாஸ்க்கில் வெந்நீர் வைத்து அடிக்கடி குடிக்கச் சொல்லுங்கள். ராத்திரி எழுந்து போகும்போது போர்த்திக்கொள்ள ஒரு சால்வை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

குழந்தைக்கு வருவோம். பெரியவர்களுக்கு வேண்டியதைவிட ஒரு அடுக்கு கூடுதல் போதும். உடம்பை ஒட்டிப் பருத்தி, அதன் மேல் பிளானல், அதற்கு மேல் கம்பளி. கையும் காலும் கொஞ்சம் சில்லென்றிருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நெஞ்சிலும் பிடரியிலும் கை வைத்துப் பாருங்கள். அங்கே வெதுவெதுப்பாக இருந்தால் சரி. பிடரி வேர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். கனத்த ரஜாயைக் குழந்தை மேல் போர்த்தாதீர்கள், முகத்தை மூடிவிடும். ரப்பர் பையும் குழந்தை பக்கத்தில் வேண்டாம். நெஞ்சும் வயிறும் சில்லிட்டு, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், உங்கள் மார்போடு மேனி படும்படி அணைத்து, இருவருக்கும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு உடனே டாக்டரிடம் போங்கள். பச்சைக் குழந்தையானால் பிறந்து 24 மணி நேரம் வரை குளிப்பாட்டாமல் இருப்பதே நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பாட்டிமார் சம்மதிப்பது கஷ்டம்தான், இருந்தாலும் சொல்லிவையுங்கள். குளித்த குழந்தைக்கு மூடிய அறையில் சாம்பிராணி போடுவதும் கரி நெருப்பில்தான் என்பதை மறக்க வேண்டாம். தலையைத் துண்டால் நன்றாக ஒற்றி எடுத்தாலே போதும்.

வீட்டு ஆண்கள் சிலர் குளிருக்கென்று “கொஞ்சம்” போட்டுக்கொள்வது உண்டு. அதில் தோலுக்கு ரத்தம் பாய்ந்து சூடு வந்த மாதிரி இருக்கும். உண்மையில் உள்ளே இருக்கும் சூடுதான் தோல் வழியாக வெளியேறுகிறது. அதற்குப் பதில் ராத்திரிக்குச் சுடச்சுடக் கேழ்வரகுக் கூழோ, மிளகு தட்டிப் போட்ட பருப்பு ரசம் சாதமோ கொடுத்துப் பாருங்கள். கூழுக்கு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைப்பது நம் சமவெளி வழக்கம். மலைக் குளிரில் அது ஒரு ராத்திரியில் புளிக்காது. பாத்திரத்தைப் பழைய கம்பளியில் சுற்றி, சமைத்து முடித்த அடுப்பின் பக்கத்தில் வைத்தால் காலைக்குள் பதமாகிவிடும். இட்லி மாவுக்கும் இதே வழிதான்.